மலையில் சின்ன ட்ரோன் முரண்டு பிடித்தால்: முதலில் எதைப் பார்ப்பது, அப்புறம் எதை வாங்குவது

எங்கள் மலையேற்றக் குழுவில் ஆறு பேரிடம் சின்னக் கேமரா ட்ரோன் இருக்கிறது. எல்லாமே 249 கிராம் வகை. பெரும்பாலும் டிஜேஐ நிறுவனத்தின் மினி 2, மற்றவை மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ. ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர்களின் எஸ்டேட் என்று மாதம் ஒரு தடவையாவது கிளம்பிவிடுவோம். திரும்பி வந்த மறுநாள் யாராவது ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். "படம் ஆடுது", "பேட்டரி நிக்கல", "மேல ஏறவே மாட்டேங்குது". பார்த்துப் பார்த்து, எந்தக் கோளாறுக்கு எதை முதலில் சோதிப்பது என்று ஒரு வரிசை கைவந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பையில் ட்ரோனோடு துணைப்பொருள்களும் ஒரு குவியலாக இருக்கும். கோளாறு வந்ததும் அதற்கென்று ஏதோ ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்கள். பல தடவை அது தேவையே இருந்திருக்காது. சில தடவை கோளாறே அதனால்தான் வந்திருக்கும். மலையில் ஒவ்வொரு கிராமையும் நம் தோள்தான் சுமக்கிறது. அதனால் காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். அது தீர்க்காவிட்டால் மட்டும் துணைப்பொருள், அதுவும் தீர்க்காவிட்டால் பழுது பார்ப்பவர்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 249 கிராம் ட்ரோனில் இரண்டு கிராம் கூட்டினாலே வகை மாறிவிடும். ட்ரோனில் மாட்டுகிற எதையும் வாங்கும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள். சமையலறைத் தராசில் பேட்டரியோடு வைத்து ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு இவற்றுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்கவே வேண்டாம். வரையாட்டுக் கூட்டம் பாறைச் சரிவில் மேயும்போது தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் மிரண்டு ஓடும், குட்டி தவறி விழும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

*வீட்டில் முழு சார்ஜ், உச்சியில் பார்த்தால் குறைவு*

இது கோளாறே இல்லை. இந்த பேட்டரிகள் சில நாட்கள் சும்மா கிடந்தால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை நிரப்பிவிட்டு சனிக்கிழமை மலையேறினால் முழுசாக இருக்காது. கிளம்பும் முந்தைய இரவு சார்ஜ் போடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

*அதிகாலையில் மட்டும் சட்டென்று இறங்குகிறது*

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விடியலில் புல்லில் உறைபனி படியும். மினி 2-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலையே 0 டிகிரிதான். இரவு முழுக்கக் கூடாரத்தின் ஓரத்தில் கிடந்த பேட்டரி காலையில் 90 சதவீதம் காட்டும், ஏறத் தொடங்கியதும் மளமளவென்று இறங்கும். இரவில் பேட்டரியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சட்டையின் உள்பாக்கெட். கிளம்பியதும் ஆள் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திச் சூடேற்றிவிட்டு அப்புறம் மேலே போங்கள். பேட்டரியைச் சூடாக்கும் உறை என்று விற்பார்கள். நம் மலைகளுக்கு அது வேண்டாம், உடம்புச் சூடே போதும்.

*ஒரே ஒரு பேட்டரி மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீர்கிறது*

இருக்கும் ஒவ்வொரு பேட்டரிக்கும் பென்சிலால் எண் போட்டு வையுங்கள். ட்ரோனை இயக்கும் போன் செயலியில் பேட்டரி விவரம் என்ற பகுதியில், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தெரியும். பேட்டரி ஓய்வாக இருக்கும்போது இரண்டு செல்லுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை மலைக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டு மொட்டை மாடியில் தாழ்வாகப் பறக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால், ட்ரோனுக்குள் போக இறுக்கமாக இருந்தால், அதோடு விட்டுவிடுங்கள். அழுத்திச் செருகவோ சார்ஜ் போடவோ கூடாது. மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

*எல்லாம் சரி, ஆனாலும் போதவில்லை*

இங்கேதான் துணைப்பொருள் வருகிறது. ஒரு நாள் நடைக்குக் கூடுதல் பேட்டரி ஒன்று போதும். ஒன்றின் எடை 90 கிராமுக்குள்தான் வரும். நான் பரிந்துரைக்கும் துணைப்பொருள்களில் இதுதான் முதலிடம்.

இரண்டு மூன்று நாள் நடை என்றால் பவர் பேங்க். அதன் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் ஹவர். வெப்பமாக வீணாவது போகக் கையில் கிடைப்பது 60-க்குள். மினி 2 பேட்டரி ஒன்றுக்கு 17 வாட் ஹவருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். ஆக மூன்று தடவை நிரப்பலாம், அதுவும் போனுக்கும் ரிமோட்டுக்கும் கொடுக்காமல் இருந்தால். ட்ரோனுக்குள் பேட்டரியை வைத்தபடியே அதன் சொந்த முனையில் சார்ஜ் ஏற்றலாம் என்பதால் மூன்று பேட்டரி சார்ஜிங் ஹப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதைப் பையில் சுமந்து நடந்தவர்கள் பெரும்பாலும் ஒரு தடவைகூட வெளியே எடுப்பதில்லை.

பவர் பேங்கில் செருகியும் சார்ஜ் ஏறவில்லையா? பறந்து இறங்கிய சூட்டில் ஏறாது, ஆறவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தாலும் ஏறாது, கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். இந்த இரண்டும் இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மினி 3 ப்ரோ, 4 ப்ரோ வைத்திருப்பவர்கள் "பிளஸ்" பேட்டரி கேட்பார்கள். நேரம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதை மாட்டியதும் ட்ரோன் 250 கிராமைத் தாண்டிவிடும். சாதா பேட்டரி இரண்டு வைத்துக்கொள்வதே நல்லது.

படம் ஆடுகிறது, சாய்கிறது, அலையடிக்கிறது

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

*ஆன் செய்ததும் கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் அமைப்பு) துடிக்கிறது, அல்லது ஓவர்லோடு என்று எச்சரிக்கை*

முதலில் கேமரா மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா? அவசரத்தில் எல்லோரும் மறப்பதுதான். கழற்றியாகிவிட்டது என்றால், ட்ரோன் நிற்கும் இடத்தில் புல் நுனி கேமராவைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அதுவும் இல்லை என்றால் கேமரா மேல் மாட்டிய ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். துடிப்பு நின்றால் ஃபில்டரின் எடைதான் காரணம். இந்த கிம்பல் மோட்டார்கள் மிகச் சின்னவை. கண்ணாடி தடிமனான மலிவு ஃபில்டரின் எடையை அவற்றால் தாங்க முடியாது. உங்கள் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள்.

இதெல்லாம் பார்த்தும் துடித்தால் சமதளத்தில் வைத்து செயலியில் கிம்பல் காலிபரேஷன் (உணரிகளைத் திரும்பச் சரிசெய்வது) செய்யுங்கள். அதுவும் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் கேபிளோ மோட்டாரோ போயிருக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூடியூப் பார்த்து அதைத் திறந்த இரண்டு பேரின் ட்ரோனை நான் பார்த்தேன். நூறு ரூபாய்த் தாள் கிழிகிற மாதிரி அந்த ரிப்பன் கிழிந்திருந்தது. ரிப்பனோடு போயிருக்க வேண்டிய செலவு முழுக் கேமராவுக்கும் ஆனது.

*அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது*

சரிவான பாறையில் வைத்து ஆன் செய்தால் இப்படி ஆகும். தட்டையான இடத்தில் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். தீராவிட்டால் காலிபரேஷன். பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்தாலும் கொஞ்சம் சாயும், காற்று அடங்கினால் சரியாகும்.

*படம் கூழ் மாதிரி அலைகிறது*

இதற்கு இறக்கைதான் காரணம், பெரும்பாலும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு இறக்கையின் ஓரத்திலும் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தெரியும். பிறகு கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பாருங்கள். மலைக்குப் போகிறவர்களின் ட்ரோனில் வெட்டைவிட வளைவுதான் அதிகம். காரணம் பை. மேலே தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா என்று அடைத்துவிட்டு ஐந்து மணி நேரம் நடந்தால் மெல்லிய இறக்கை அழுந்தி அப்படியே வளைந்து நின்றுவிடும்.

அதனால் நான் சொல்லும் இரண்டாவது துணைப்பொருள், இறக்கைகளை ட்ரோனின் உடம்போடு சேர்த்துக் கட்டும் பட்டை. மலிவு, எடையே இல்லை. அதோடு கெட்டியான சின்ன உறை ஒன்று. பெரிய தோள்பை வேண்டாம், ட்ரோன் மட்டும் நுழைகிற அளவு போதும், அதை மலையேற்றப் பையில் மேல் அடுக்கில் வையுங்கள்.

மூன்றாவது, மாற்று இறக்கை ஒரு செட். கூடவே பெட்டியில் வந்த சின்ன ஸ்க்ரூடிரைவர். மாற்றும்போது ஒரு மோட்டாரில் உள்ள இரண்டு இறக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். குறி போட்ட இறக்கை, மோட்டாரைத் தாங்கும் ட்ரோன் கைகளில் குறி போட்ட கைக்கு, குறியில்லாதது குறியில்லாத கைக்கு. மாற்றிப் போட்டால் கிளம்பும்போதே தலைகீழாகக் கவிழும். புது இறக்கையோடு வரும் புது ஸ்க்ரூவையே போடுங்கள். ஸ்க்ரூ தொலையாமல் இருக்க வெள்ளைக் கைக்குட்டை விரித்து அதன் மேல் வேலை பாருங்கள்.

இறக்கை புதிது, இன்னும் அலைகிறது என்றால் கைகளின் மடிப்பு இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கேமராவைத் தாங்கும் ரப்பர் மணிகளில் ஒன்று கழன்றிருக்கலாம். இரண்டுமே பழுது பார்ப்பவர் வேலை.

மோட்டார் கரகரக்கிறது, மேலே ஏற மறுக்கிறது

பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு மோட்டாரையும் விரலால் சுற்றிப் பாருங்கள். மூன்று வழவழவென்று சுற்றி ஒன்று மட்டும் நரநரத்தால் உள்ளே மண் போயிருக்கிறது. மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. மலைச் செம்மண்ணில் இரும்புத்துகள் கலந்திருக்கும் இடங்களில் அது போய் ஒட்டிக்கொள்ளும்.

கேமரா லென்ஸ் துடைக்கும் ரப்பர் ஊதியால், ட்ரோனைத் தலைகீழாகப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் சேரும். எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த புல் தண்டு மோட்டாரின் அடியில் சுற்றியிருந்தால் முள்வாங்கியால் எடுக்கலாம். கொல்லிமலையில் ஒரு தடவை தலைமுடி இழை ஒன்று சுற்றி மோட்டாரையே நிறுத்தியிருந்தது.

ஊதியும் கரகரத்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அந்த மோட்டாரோடு மலையில் பறக்கவிடாதீர்கள். மோட்டாரை மாற்ற ஒயரைப் பற்றவைக்க வேண்டும். கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இது திரும்ப வராமல் இருக்கக் கிளம்பும் இடத்தை மாற்றுங்கள். தட்டைப் பாறை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காத புல்வெளிக்கு லேண்டிங் பேட் உண்மையிலேயே உதவும். கடையில் விற்கும் வட்டத் துணி பேட் மடித்தால் சின்னதுதான், ஆனால் காற்றில் ஓரம் எழும்பி இறக்கையில் அடிக்கும். முளை அடிக்க மறந்தால் அதுவே விபத்து. நான் வைத்திருப்பது உடற்பயிற்சிப் பாயில் வெட்டிய ஒன்றரை அடிச் சதுரத் துண்டு. பையின் முதுகுப்பக்கம் செருகிவிடலாம், உட்காரவும் ஆகும். நான்கு மூலைக்கும் முஷ்டி அளவு கல். சின்னக் கல் வைத்தால் அதுவே பறக்கும்.

கையில் ஏந்திக் கிளப்புவதைப் பலர் செய்கிறார்கள். விரல் வெட்டுப்பட்டு இறங்கிய நண்பரோடு மூன்று மணி நேரம் நடந்த பிறகு நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

காம்பஸ் பிழை, அல்லது ஜிபிஎஸ் பிடிக்கவில்லை

காலிபரேஷன் செய்யச் சொல்லித் திரையில் வந்ததும் ட்ரோனைத் தூக்கிச் சுற்றத் தொடங்காதீர்கள். முதலில் பத்தடி தள்ளிப் போங்கள். காட்சி மேடையின் இரும்புக் கம்பி வேலி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி, நிறுத்திய ஜீப், கூடாரத்து இரும்பு முளை, எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் உங்கள் மேலேயே பாருங்கள். தண்ணீர்ப் பையின் குழாயைச் சட்டையில் ஒட்டவைக்கும் காந்தக் கொக்கி, போன் உறையின் காந்தம். இவை இருக்கும் பாக்கெட்டிலேயே ட்ரோனையும் வைத்துக்கொண்டு வந்திருந்தால் இந்தப் பிழை வருவது வழக்கம்.

ஜிபிஎஸ் தாமதமானால் வானம் திறந்த இடத்துக்குப் போங்கள். சோலைக் காட்டு ஓரத்திலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் செயற்கைக்கோள் குறைவாகத்தான் தெரியும். "ஹோம் பாயிண்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானது" என்று குரல் வரும்வரை கிளப்பாதீர்கள். இதற்காக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எந்த இடத்தில் வைத்தாலும், காலிபரேஷன் செய்த பிறகும் காம்பஸ் பிழை போகவில்லை என்றால் அது உள்ளே. பழுது பார்ப்பவரிடம்.

திரும்பி வரச் சொன்னால் தப்பான இடத்துக்குப் போகிறது

மலையேறுகிறவர்களுக்கே வரும் பிரச்சினை இது. ட்ரோன் நினைவில் வைத்திருப்பது கிளம்பிய இடத்தை. நீங்கள் படம் எடுத்துக்கொண்டே பாதையில் இருநூறு மீட்டர் நடந்துவிட்டீர்கள். பேட்டரி குறைந்ததும் அது பழைய இடத்துக்கே போய், யாருமில்லாத புதரில் இறங்கும். நடப்பதாக இருந்தால் நின்று, செயலியில் ஹோம் பாயிண்டை இப்போதைய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது நடக்காமல் நில்லுங்கள். நான் நின்றுதான் பறக்கவிடுகிறேன்.

*வரும் வழியில் சரிவில் மோதுகிறது*

திரும்பும் உயரம் என்று நீங்கள் வைப்பது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. பள்ளத்தாக்கில் நின்று 60 மீட்டர் என்று வைத்துவிட்டு, எதிர்ச் சரிவின் பின்னால் ட்ரோனை அனுப்பினால், நடுவில் இருக்கும் மேடு 80 மீட்டர் என்று அதற்குத் தெரியாது. மினி 2-க்கு முன்பக்கத் தடை உணரி இல்லை. நேராக வந்து மோதும். சுற்றிலும் இருக்கும் மிக உயரமான மரத்தையும் மேட்டையும் பார்த்து, அதற்கு மேல் 20 மீட்டர் கூட்டி வையுங்கள். மலையின் பின்பக்கம் அனுப்பவே வேண்டாம்.

இறக்கைக் காப்பு வளையம் வாங்கலாமா என்று இந்த இடத்தில் கேட்பார்கள். வேண்டாம். எடை 250-ஐத் தாண்டும், காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். வீட்டுக்குள் பழகுபவருக்குத்தான் அது.

காற்றை எதிர்த்து வர முடியாமல் நின்றபடி நிற்கிறது

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இது கால் கிலோகூட இல்லை. மினி 2 தாங்கும் காற்று அதிகபட்சம் நொடிக்கு 10.5 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் அளவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் வரும் மலைகளில் அது சாதாரணம். கீழே இலைகூட அசையாது, முகட்டைத் தாண்டியதும் ஆளைத் தள்ளும்.

நடந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் உயரத்தைக் குறையுங்கள், தரைப்பக்கம் காற்று குறைவு. அப்புறம் வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி நேராக உங்களை நோக்கி வாருங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் சண்டை போடாமல், காற்றின் போக்கில் கண்ணுக்குத் தெரிகிற வெட்டவெளியில் இறக்கிவிட்டு நடந்து போய் எடுங்கள்.

வராமல் இருக்க, போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக் கொண்டுவரும். பேட்டரி பாதி ஆனதும் திருப்புங்கள். கையடக்கக் காற்றளவுமானி விற்கிறார்கள். அது அளப்பது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை. நூறு மீட்டர் மேலே என்ன என்பதை அது சொல்லாது. வாங்க வேண்டாம்.

உயரத்தால் வலு குறைகிறதோ என்ற சந்தேகம் தென்னிந்தியாவில் தேவையில்லை. ஆனைமுடியே 2,695 மீட்டர். மினி 2-இன் எல்லை 4,000.

படம் விட்டு விட்டு வருகிறது, சிக்னல் போகிறது

நடுவில் பாறை இருக்கிறதா? இருந்தால் எந்தத் துணைப்பொருளும் உதவாது. நீங்கள் நகருங்கள், அல்லது ட்ரோனை மேலே ஏற்றுங்கள்.

பாறை இல்லை என்றால் ரிமோட்டைப் பிடிக்கும் விதம். போனைத் தாங்கும் மேல் கவ்விக்குள்தான் ஆன்டெனா. அதன் நுனியை ட்ரோனை நோக்கி ஈட்டி மாதிரி நீட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நுனியில் சிக்னல் பலவீனம். தட்டைப் பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

திரை திடீரென்று கறுப்பாகி, ரிமோட் மட்டும் இயங்குகிறதா? அப்படியானால் வானொலி அலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரிமோட்டையும் போனையும் இணைக்கும் குட்டைக் கேபிள்தான். பையில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். இதற்கு ஒரு மாற்றுக் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். சில கிராம் எடை, நூற்றுக்கணக்கில்தான் விலை. எங்கள் குழுவில் ஒரு முழு நாள் நடையைக் காப்பாற்றிய பொருள் இதைவிட வேறில்லை.

ரிமோட்டில் மாட்டும் தகட்டு ஆன்டெனா, சிக்னல் பெருக்கி எல்லாம் தவிருங்கள். ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு ரிமோட்டின் சொந்த ஆன்டெனாவே தாராளம்.

வெயிலில் திரை தெரியவில்லை

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். போலரைஸ்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் சில போன் திரைகள் முழுக்க இருண்டுவிடும். வெளிச்சத்தை முழுசாக வையுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே மங்கினால் போன் சூடாகிவிட்டது, தடித்த உறையைக் கழற்றி நிழலுக்குப் போங்கள். இதற்கும் மேல் வேண்டும் என்றால் மடக்கும் திரை மறைப்பு வாங்கலாம். எங்கள் குழுவில் அகலத் தொப்பியும் கூட நிற்பவர் பிடிக்கும் குடையும்தான்.

வீடியோ வெட்டி வெட்டி ஓடுகிற மாதிரி இருக்கிறது

ஒவ்வொரு காட்சியும் கூர்மை, ஆனால் அசைவு வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஷட்டர் வேகம் மிக அதிகம் என்று பொருள். மினி 2-இன் லென்ஸ் துளை எஃப் 2.8-இல் நிலையானது. ஐஎஸ்ஓ 100, உச்சி வெயில் என்றால் ஷட்டர் 3,200-இல் ஒரு பங்கு நொடிக்குப் போய்விடும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது நாம் விரும்புவது 50-இல் ஒரு பங்கு. 64 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், ஆகவே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரில் 64. மேகமூட்டம், காலை வெளிச்சம் என்றால் என்டி 16. மினி 3 ப்ரோ, 4 ப்ரோ இரண்டுக்கும் துளை எஃப் 1.7 என்பதால் உச்சி வெயிலில் 128 அல்லது 256 வேண்டியிருக்கும்.

ஆனால் யோசியுங்கள். மலைகளைத் தூரத்திலிருந்து மெதுவாகக் காட்டும் படத்தில் இந்த வெட்டல் அநேகமாகத் தெரியாது. மரங்களுக்கு அருகே வேகமாகப் போனால்தான் தெரியும். புகைப்படத்துக்கு என்டி தேவையே இல்லை. எட்டு ஃபில்டர் கொண்ட பெட்டியை வாங்காதீர்கள், இரண்டு போதும்.

"கார்டு மெதுவாக இருக்கிறது", பதிவு நிற்கிறது

முதலில் மெமரி கார்டை ட்ரோனிலேயே ஃபார்மட் செய்யுங்கள், படங்களை எடுத்துவிட்டு. திரும்ப வந்தால் கார்டு மாற்றம். எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 அல்லது யு3 குறி இருக்க வேண்டும். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டில் 80 நிமிடத்துக்கு மேல் போகும், அதாவது மூன்று பேட்டரிக்கும் போதும். பெரிய கார்டு ஒன்றைவிட நடுத்தரக் கார்டு இரண்டு. மலையிலேயே கார்டை மாற்றுவதாக இருந்தால் புல் மேல் நின்று மாற்றாதீர்கள்.

விழுந்துவிட்டது, காணவில்லை

ரிமோட்டை ஆஃப் செய்யாதீர்கள். போனில் கடைசி இடம் காட்டும் வரைபடத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். "ட்ரோனைக் கண்டுபிடி" என்பதில் விளக்கும் ஒலியும் எழுப்பலாம், பேட்டரி கழன்று விழாமல் இருந்தால். மலையில் இணையம் இருக்காது என்பதால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

இதற்காகப் பலர் தொலைந்த பொருளைத் தேட உதவும் புளூடூத் டேக் ஒட்டுகிறார்கள். ஆப்பிளின் ஏர்டேக் ஒன்று 11 கிராம், 249-ஓடு கூட்டினால் 260. அதைவிட முக்கியம், உங்கள் போனுக்கு எட்டாத தூரத்தில் அது தன் இடத்தைச் சொல்வதே பக்கத்தில் வேறொருவரின் போன் இருந்தால்தான். ஆளில்லாத சரிவில் எந்தப் போன் வரும்? சாம்பல் நிற ட்ரோன் சாம்பல் நிறப் பாறையில் தெரியாது என்பதுதான் உண்மையான சிக்கல். கைகளின் மேல்பக்கம் பளிச்சிடும் ஆரஞ்சு ஸ்டிக்கர் சின்னச் சின்னதாக ஒட்டுங்கள், காற்றோட்டத் துளையையும் உணரியையும் விட்டுவிட்டு.

விழுந்தது செங்குத்துப் பாறையின் பக்கமா? முதலில் மலைத்தேனீ அடை தொங்குகிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். இருந்தால் ட்ரோனை விட்டுவிட்டு மெதுவாக விலகுங்கள். கயிறில்லாமல் எட்டாத இடத்துக்கும் இதே பதில்தான்.

*நனைந்துவிட்டது*

ஓடைத் தண்ணீரோ மஞ்சோ, ஆன் செய்து பார்க்காதீர்கள். ஆன் செய்வதால்தான் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை எரிகிறது. பேட்டரியைக் கழற்றித் தனியாகத் திறந்த வெளியில் வையுங்கள். தண்ணீருக்குள் விழுந்த பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. ட்ரோனைத் துடைத்து, கைகளை விரித்து, நிழலில் காற்றாட வைத்தபடியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். அரிசிக்குள் புதைத்தால் மாவுதான் உள்ளே போகும். மஞ்சுக்குள் பறந்து லென்ஸில் மட்டும் பனித்திருந்தால் பயமில்லை, உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மருந்து டப்பாவில் வருவதே போதும்.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுசாக இறக்குமதி செய்ய இந்தியா தடை போட்டது. அதனால் கையில் இருப்பதைச் சரி செய்து வைத்துக்கொள்வதே நமக்கு நல்லது, அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கடைக்குப் போகும்போது மூன்றைக் கொண்டு போங்கள்: கோளாறு தெரியும் ஒரு நிமிட வீடியோ, செயலியில் வந்த எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்த சோதனைகளின் பட்டியல். மாட்டியிருக்கும் துணைப்பொருள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். சரி செய்து வந்ததும் முதல் பறப்பு மலையில் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்து வெறும் மைதானத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு முழு பேட்டரி தீரும்வரை.